முப்பிடாதியின் சும்மாடு

என் பெண்டாட்டி என் வீட்டுக் கதவில் எனக்கே நோட்டீஸ் ஒட்டினாள். பகல் ஒன்றரை மணி. நான் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். மைதாப் பசை தடவி, நாலு மூலையையும் அழுத்தித் தேய்த்து, காற்றுக்குப் பறக்காதபடி கவனமாகத்தான் ஒட்டியிருந்தாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை அவள்.

கதவு அதிர்ந்ததில் எழுந்து வந்தேன். வாசலில் அவளும் பஞ்சாயத்து எழுத்தர் கோமதிநாயகமும் நின்றார்கள். அவள் தலையில் அந்த வளையம் மஞ்சளாக எரிந்தது. கோமதிநாயகம் கையில் சோப்பு டப்பா மாதிரி ஒரு கருவி.

“நீர்தானா வண்ணமுத்து?” என்று கேட்டாள்.

நாற்பத்திமூன்று வருசம் என்னோடு குடும்பம் நடத்தியவள் கேட்கிற கேள்வி இது.

“ஏட்டி, வெயில்ல நின்னு மண்டை கலங்கிட்டா? உள்ள வா.”

“மரியாதையாப் பேசும். நிர்வாகம் வந்திருக்கு. உம்ம வீட்டுக்குள்ள இருந்து எழுபத்தொரு டெசிபல் சத்தம் வருது. மாவு மில்லுக்கே அறுபத்தெட்டுதான். பதினஞ்சு நாளைக்குள்ள சத்தம் போடுற பொருள அப்புறப்படுத்திரணும்.”

“எந்தப் பொருள?”

கோமதிநாயகம் தலையைச் சொறிந்தான். “நீங்கதான் அண்ணாச்சி. கொறட்டை.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். ஊரார் உறக்கத்தைக் கெடுக்கும் சத்தம் எதுவானாலும், அதை எழுப்புவது எதுவானாலும், அது கடைசி வீட்டிலிருந்து முந்நூறு அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். வைகாசி மாதம் போட்ட சட்டம். மைக்செட்டுக்கும் டீசல் இன்ஜினுக்கும் போட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கோரையூத்தில் முந்நூறு அடிக்கு அப்பால் என்றால் ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் சுடுகாடு. சுடுகாட்டில் போய்ப் படுத்தால் காலையில் எழுப்பிக் கூட்டி வருவார்கள் என்று என்ன நிச்சயம்? மூன்றாவது பக்கம் என் தோட்டத்துப் பம்புசெட் ரூம் இருக்கிறது. மோட்டாரை விற்ற பிறகு அங்கே தேளும் சாரைப்பாம்பும்தான் குடித்தனம். எழுபத்தொரு வயதில், நான் கல் சுமந்து கட்டிய வீட்டை விட்டுவிட்டு அங்கே போய்ப் படு என்கிறாள்.

அவள் தலையில் எரிந்த வளையத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நான்தான் முப்பிடாதியை நிற்க வைத்தேன். அவளுக்கு இஷ்டமா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் தலைவர் என்றால் நாற்காலியில் உட்காருகிறவன் புருசன்தான். வெள்ளைச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தேன். அவள் ஜெயித்தாள். சட்டை வந்து சேர்ந்த வாரம் சர்க்கார் ஆபீசிலிருந்து ஜெபசிங் என்று ஒரு எஞ்சினியர் வந்து இறங்கினார். பெட்டிக்குள்ளிருந்து அந்த வளையத்தை எடுத்தார்.

எனக்கு எந்த மிஷினையும் நம்பிப் பழக்கமில்லை. முப்பது வருசம் போர் போடுகிற லாரியில் வேலை பார்த்தவன் நான். இருநூறு அடியில் தண்ணீர் என்று கருவி சொல்லும், தோண்டினால் புகைதான் வரும். மிஷினைக் கொண்டுவருகிறவனை அதைவிட நம்பமாட்டேன். அதனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்டேன்.

“இது என்னத்துக்கு சார்?”

“பெரியவரே, ஒரே ஆள் சட்டம் போட்டு, அவரே அதை நடத்தி, அவரே தீர்ப்பும் சொன்னா அதுக்குப் பேர் என்ன?”

“எங்க வீடு.”

கூட்டம் சிரித்தது. ஜெபசிங்கும் சிரித்தார். “ராஜா ஆட்சி. அதனாலதான் தேசத்தை நடத்துறவங்க மூணையும் மூணு இடமா வச்சிருக்காங்க. சட்டம் போடுறவன் கையில போலீஸ் கிடையாது. போலீஸ் கையில கோர்ட்டு கிடையாது. உங்க ஊர்ல மட்டும் எல்லாம் ஒரே நாற்காலி.”

“எங்க ஊர்ல மொத்தமே இருநூத்திப் பன்னெண்டு தலை. அதுல பாதி படுத்த தலை. வார்டு மெம்பருக்கு நிக்கவே ஆள் இல்ல. மூணு இடத்துக்கு எங்க போக?”

“அதான் சொல்றேன். ஆள் இல்லாத ஊருக்கு, ஒரே தலைக்குள்ள மூணு அறை கட்டித் தர்றோம். காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும் சட்டம், பச்சை லைட்டு. பத்துல இருந்து மூணு வரைக்கும் நிர்வாகம், மஞ்சள். நாலுல இருந்து ஏழு வரைக்கும் நீதிமன்றம், சிவப்பு. ஒரு அறையில நடந்தது இன்னொரு அறைக்கு ஞாபகம் இருக்காது. வீட்டு ஞாபகமும் உள்ள வராது.”

“நடுவுல கதவு?”

“கதவு கிடையாது. அதுதான் விசேஷம். வளையத்தைக் கழட்டிட்டா மூணு அறையும் பூட்டிக்கும். வீட்டுல அவங்க உங்க மனைவி மட்டும்தான்.”

“அப்ப ஊர்க்காரியமா அவகிட்ட ஒண்ணு சொல்லணும்னா நான் எப்பச் சொல்ல?”

“மனு எழுதிக் கொடுங்க, பெரியவரே.”

என் வெள்ளைச் சட்டை இரண்டும் இன்னும் மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் இருக்கின்றன.

எது நல்ல முறை என்று பார்க்க மூன்று ஊரில் மூன்று விதமாக வைத்தார்கள். எல்லா தேசமும் ஒரே மாதிரி பிரித்து வைக்கவில்லையாம். சில தேசத்தில் சட்டம் போடுகிற கூட்டத்திலிருந்தே மந்திரிகளை எடுப்பார்கள், கோர்ட்டு மட்டும் தனி. அது மாதிரி ஏழாம்பொத்தையில் தலைவர் இசக்கிபாண்டிக்கு முதல் இரண்டு அறையையும் ஒன்றாக்கி விட்டார்கள். பனைமறிச்சானில் வளையமே கிடையாது. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. அங்கேயும் பெண் தலைவர்தான். அவள் புருசன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இசக்கிபாண்டி கதையைக் கேட்க வேண்டும். பள்ளிக்கூட வாசலை மறித்து டிராக்டரை நிறுத்துவார். அரை மணி கழித்து, டிராக்டர் நிற்கிற இடம் வாசல் ஆகாது என்று ஒரு சட்டம் வரும். சாயங்காலம் கோர்ட்டில் அவரே உட்கார்ந்து, பகலில் இருந்த இசக்கிபாண்டியை விசாரிப்பார். “ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா நல்ல ஆளாத் தெரியுது” என்று விட்டுவிடுவார். இத்தனைக்கும் அவர் மிஷின் நன்றாகத்தான் வேலை செய்தது.

எங்கள் ஊரில் அதை வளையம் என்று யாரும் சொல்லவில்லை. குடம் தூக்கத் தலையில் துணி சுற்றி வைப்பார்களே, அது மாதிரியே இருந்ததால் சும்மாடு என்றுதான் பேர். முதல் வருசம் அது செய்த கூத்து கொஞ்சமில்லை. காலையில் தெருவில் ஆடு திரியக் கூடாது என்று சட்டம் போட்டாள். பகலில் எங்கள் ஆடு நாலையும் அவளே பிடித்துப் பட்டியில் அடைத்தாள். சாயங்காலம், ஆடுகளுக்கு முன்னறிவிப்பு கொடுக்கவில்லை என்று அவளே திறந்துவிட்டாள். இரவு சோறு போடும்போது, “ஆடு எல்லாம் ஏன் மிரண்டுபோய் நிக்கி?” என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குக் கால்வாசி பெண்டாட்டிதான் மிச்சம். மற்ற முக்காலும் என்னைக் கண்டால் நீர், உம்ம என்று பேசின. மூன்று பேரையும் தெரிந்தவன் கோமதிநாயகம் ஒருவன்தான். நாற்காலியைக் காலையில் கிழக்குப் பார்க்கப் போடுவான், சாயங்காலம் மேற்குப் பார்க்கத் திருப்புவான். ஊரை ஆள்கிறவன் அவன்தானோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு.

போன சித்திரையில் பைப்பு உடைந்து நாலு நாள் கிணற்றில் இறைத்துக் குடித்தோம். அவளுக்குக் குடம் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் இந்தச் சட்டம் வந்தது. ஆனி மாதம் நோட்டீஸ்.

அன்று இரவு சும்மாட்டைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு வந்தவளிடம் கதவைக் காட்டினேன்.

“யாருங்க இதை ஒட்டுனா?” என்றாள்.

“யாரா? நீதான்.”

“நானா?” கிட்டப் போய் வாசித்தாள். “அடப் பாவமே. பம்புசெட் ரூம்ல போய்ப் படுக்கணுமா? பூச்சிபொட்டு கிடக்குமே.” என் பக்கம் திரும்பினாள். “கேஸ் போடுங்க.”

“யார் மேல?”

“ஒட்டுனவ மேலதான். தலைவர்னா என்ன வேணும்னாலும் ஒட்டிருவாளா?”

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும் என்று மனுவையும் அவளே எழுதித் தந்தாள். என்மேல் நிர்வாகத்துக்கு முன்விரோதம் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தாள். எனக்கே அது தோன்றவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு நீதிமன்றம் கூடியது. ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். டி.வி.யில் அன்றைக்கு ஒன்றுமில்லை போல. முப்பிடாதி சிவப்பு எரிய மேற்குப் பார்த்து உட்கார்ந்தாள்.

“மனுதாரர் சொல்லலாம்.”

“நான் கொறட்டை விடலை தாயி.”

“அம்மான்னு சொல்லும் அண்ணாச்சி” என்று கோமதிநாயகம் காதைக் கடித்தான்.

“நான் கொறட்டை விடலைம்மா. விட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கணும்லா? என் சத்தத்த நான் ஒருநாளும் கேட்டதில்ல. கண்ணால பாக்காததையும் காதால கேக்காததையும் நான் ஒத்துக்கிட முடியாது.”

“மிஷின் எழுபத்தொண்ணு காட்டியிருக்கு.”

“மிஷின்தான? எங்க போர் லாரி மிஷின் இருநூறு அடியில தண்ணின்னு சொல்லும்மா.”

அவள் மனுவைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “உம்ம பக்கத்துல படுக்கிறது யாரு?”

“என் பெண்டாட்டி.”

“அப்ப அந்தப் பொம்பளதான் சாட்சி. எங்க அவ?”

நான் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். அவன் மேலே கூரையைப் பார்த்தான்.

“இங்கதாம்மா இருக்கா” என்றேன்.

“இங்கன எனக்குத் தெரியலையே. சம்மன் அனுப்பு, கோமதி.”

கோமதிநாயகம் சம்மனை எடுத்துக்கொண்டு சைக்கிளில் எங்கள் வீட்டுக்குப் போனான். பத்து நிமிசத்தில் வந்து, வீடு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை, கதவில் ஒட்டிவிட்டேன் என்றான். என் கதவில் அது இரண்டாவது காகிதம். வழக்கு மறுநாளைக்குத் தள்ளிப் போடப்பட்டது.

இரவு அவள் அதை வாசித்துவிட்டுப் பயந்து போனாள். “ஏங்க, என்னைய சாட்சிக்கு வரச் சொல்லியிருக்கு. நான் இதுவரைக்கும் கோர்ட்டுப் படி ஏறுனதில்லையே. என்ன கேப்பாவ?”

“தெரியாது. நாளைக்கு வந்துரு.”

“கண்டிப்பா வாரேன்.”

மறுநாள் நாலு மணிக்கு நீதிபதி வந்தாள். சாட்சி வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. “கோர்ட்டை அவ என்ன மாவு மில்லுன்னு நினைச்சாளா? நிர்வாகம் அவளத் தேடிப் பிடிச்சு நாளைக்கு நாலு மணிக்கு இங்க நிறுத்தணும்.” உத்தரவு போனது. மறுநாள் பதினோரு மணிக்கு மஞ்சள் லைட்டோடு என் பெண்டாட்டி என் பெண்டாட்டியைத் தேடி வீட்டுக்கு வந்தாள். அடுப்படியைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள், நெல் கொட்டி வைக்கும் குலுக்கையைத் திறந்துகூடப் பார்த்தாள்.

“எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீரு?”

“ஏட்டி, கண்ணாடியப் பாரு.”

“கோமதி, இவரு நிர்வாகத்தக் கிண்டல் பண்ணுதாரு, எழுதிக்கோ.”

சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது சொல்ல. அப்போது எனக்கு ஒரு மாதிரி பயமாக இருந்தது. மூன்று பேர் சேர்ந்து அவளைத் தேடுகிறார்கள், ஒருத்தருக்கும் அகப்படவில்லை. நிஜமாகவே ஆள் தொலைந்து போய்விட்டாளோ என்று தோன்றியது. பதினைந்து நாள் கெடுவில் நாலு நாள் போய்விட்டது.

கடைசியில் சாட்சி இல்லாமலே விசாரித்து முடிப்பது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மறுபடியும் கூட்டம். சிவப்பு லைட்டுக்குக் கீழே அவள் முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது.

“மனுதாரருக்கு ஒரே ஒரு கேள்வி. உமக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருசம்?”

“நாப்பத்திமூணும்மா.”

“இந்த நாப்பத்திமூணு வருசத்துல, காலையில எந்திரிச்சு, உம்ம பெண்டாட்டிகிட்ட, தூங்குனியான்னு ஒருநாளாவது கேட்டிருக்கீரா?”

ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம், காப்பி எங்கே என்று கேட்டதுதான்.

“கேக்கலைம்மா.”

“கேட்கவில்லைன்னு பதிவு பண்ணு, கோமதி.”

அவன் எழுதினான். பேனா ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. போர் லாரியில் செவிடான காது இது.

பிறகு அவள் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னாள். “இந்தச் சட்டத்தப் போட்டது யாருன்னு இந்தக் கோர்ட்டுக்குத் தெரியாது. ஆனா வாசிச்சுப் பாத்தா, ஊர் தூங்கணும்னு போட்ட மாதிரி தெரியலை. யாரோ ஒரு ஆளு தன் தூக்கத்துக்காகப் போட்டது மாதிரி இருக்கு. ஒரு ஆள மனசுல வச்சு, ஒரு ஆளுக்கு எதிரா போடுறது சட்டம் கிடையாது. அது வீட்டுச் சண்டை. சட்டம் செல்லாது. நோட்டீசு செல்லாது. மனுதாரர் அவர் வீட்டுலயே படுத்துக்கிடலாம்.”

கூட்டம் கை தட்டியது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவில் இருந்த காகிதம் இரண்டையும் சுரண்டி எடுத்தேன். அன்றிரவு எழுபத்தொன்றுக்குக் குறையாமல் தூங்கியிருப்பேன்.

ஆடி மாதம் ஜெபசிங் வந்தார். வருசத்துக்கு ஒருமுறை சும்மாட்டைத் திறந்து துடைத்துக் கொடுக்க வேண்டுமாம். முப்பிடாதி அவள் அண்ணன் மகள் வளைகாப்புக்குப் போயிருந்தாள். மாடத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு நான்தான் போனேன்.

அவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். “பெரியவரே, உங்க ஊர் கேஸைப் பத்தி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிட்டேன். சட்டத்தை நிர்வாகம் சொந்த வீட்டுலயே அமல்படுத்துது, கோர்ட்டு அந்தச் சட்டத்தையே ரத்து பண்ணுது. மூணும் ஒண்ணை ஒண்ணு தட்டிக் கேக்குது! ஏழாம்பொத்தையில நடக்கல, பனைமறிச்சான்ல நடக்கல. மூணு ஊர்ல உங்க ஊர்தான் முதல். உங்க தலைவரம்மாவுக்கு விருது சொல்லியிருக்கேன்.”

பேசிக்கொண்டே சின்னத் திருப்புளியால் மூடியைக் கழற்றினார்.

உள்ளே சுண்ணாம்பு பூத்தது மாதிரி வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டார், உதிர்ந்தது.

“இதுல தண்ணி எப்படிப் போச்சு?”

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சித்திரையில், கிணற்றடியில். தலையில் சும்மாடு இருந்தால் குடத்தை அதன் மேல் வைப்பதுதானே பழக்கம்? அவள் யோசிக்கவேயில்லை, குனிந்தாள். நானும் யோசிக்கவில்லை, தூக்கி வைத்தேன். நாலு நாளும் குடம் தளும்பித் தளும்பி அவள் காதோரம் வழிந்தது.

ஒரு வயரை எடுத்துச் சொருகி, தன் போனைப் பார்த்தார் ஜெபசிங். அவர் மூக்கு வேர்த்தது. “சித்திரை ஒன்பதாம் தேதியோட செத்துப்போச்சு. லைட்டுக்கு மட்டும் தனி பேட்டரி, அது எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அதுக்கு அப்புறம் அறை கிடையாது, பூட்டு கிடையாது. எல்லாம் ஒரே தலை.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்ப அந்தச் சட்டம், நோட்டீசு, தீர்ப்பு?”

நெல் குலுக்கையைத் திறந்து பார்த்தாளே, அதுதான் கண்ணுக்குள் நின்றது. மனுவை எழுதித் தந்ததும், முன்விரோதம் என்று வரி சேர்த்ததும்.

“பெரியவரே, அறிக்கை மேல போயிருச்சு” என்றார் ஜெபசிங். குரல் இறங்கியிருந்தது. “இது தெரிஞ்சா என் வேலை போயிரும். உங்க ஊருக்குத் திட்டத்தையே நிறுத்திருவாங்க. பனைமறிச்சான் மாதிரி ஆக்கிருவாங்க. வண்டியில புதுசு ஒண்ணு இருக்கு, யாருக்கும் தெரியாம மாட்டிவிட்டிரட்டுமா?”

பனைமறிச்சான் மாதிரி. என் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை இரண்டு இருக்கிறது. வாயைத் திறந்தால் போதும், நாற்காலி எனக்கு. புதுசை மாட்டினால் பழையபடி கால்வாசி பெண்டாட்டி.

உலகத்தில் யாரையும் நம்பாதவன் நான். கூடப் படுத்தவள் மூன்று மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறாள், அதுதான் எனக்குத் தெரியவில்லை.

“புதுசு வேண்டாம். இதைத் துடைச்சு மட்டும் குடும்” என்றேன்.

பொழுது சாய அவள் வளைகாப்புச் சோற்றுத் தூக்குவாளியோடு வந்தாள். சும்மாடு கட்டிலில் கிடப்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“சார் வந்தாரா?”

“வந்தாரு. திறந்து பாத்தாரு.”

தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். அழவுமில்லை, சத்தியம் பண்ணவுமில்லை.

“ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“சொன்னா மறுநாளே நாற்காலியில நீங்க உக்காந்திருப்பிய. இது தலையில இருந்தவரைக்கும் ஒரு ஆம்பளையும் என் பக்கத்துல நின்னு, இதைச் சொல்லு, அதை எழுதுன்னு சொல்லலை. மிஷின் செத்ததுக்கு அப்புறமும் சொல்லலை. அப்பத்தான் தெரிஞ்சது, அவிய பயந்தது லைட்டுக்குத்தான்னு.”

“அப்ப குலுக்கையத் திறந்து தேடுனது?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. “சிரிப்ப அடக்கத்தாங்க பெரும்பாடு. நீங்க கண்ணாடியப் பாருன்னு சொன்னியள்லா, கோமதிக்குப் பின்னால போய் நின்னு சிரிச்சேன்.”

“சரி. அவ்வளவு கெட்டிக்காரி, கடைசியில ஏன் எனக்குச் சாதகமாச் சொன்ன?”

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் தூக்குவாளி மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“காலையில சட்டம் போடும்போது தப்புன்னு தெரியலை. தூக்கமில்லாம தலை வலிச்சது, போட்டேன். பகல்ல நோட்டீசு ஒட்டும்போதும் தெரியலை, ஆத்திரமாத்தான் ஒட்டுனேன். சாயங்காலம் அந்த நாற்காலியில உக்காந்து நீங்க கையக் கட்டிக்கிட்டு நின்னதப் பாத்ததும்தான் தெரிஞ்சது. ஊருக்குன்னு குடுத்த அதிகாரத்த எடுத்து என் வீட்டுக்காரர் மேல வீசிட்டேனேன்னு. அது தப்புலா?”

அவள் தலையில் அப்போது ஒன்றுமே இல்லை. வெறும் நரைத்த முடி.

நான் எழுந்து பாயைச் சுருட்டினேன். தலையணையைக் கக்கத்தில் இடுக்கினேன்.

“எங்க போறிய?”

“பம்புசெட் ரூமுக்கு.”

“தீர்ப்பு உங்க பக்கம்தான?”

“அது கோர்ட்டு சொன்னது. கோர்ட்டை நான் நம்பமாட்டேன்.”

கடைசி வீட்டிலிருந்து காலடி வைத்து எண்ணிக்கொண்டே போனேன். முந்நூற்றுப் பத்து அடி வந்தது. தேளை எல்லாம் பகலிலேயே பெருக்கித் தள்ளியிருந்தேன், அதை அவளிடம் சொல்லவில்லை.

காலையில் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தியபடி இருந்தது. அடுப்பு எரியவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, கிடந்த வாக்கிலேயே கிடந்தாள். மாடத்தில் சும்மாடு மட்டும் யாருக்கோ பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குக் கோமதிநாயகம் சைக்கிளில் வந்தான். நாற்காலியைக் கிழக்குப் பார்க்கப் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறானாம்.

“என்ன அண்ணாச்சி, இன்னும் வரலையே?”

“தூங்குதா. எழுப்பாத.”

“எட்டு மணி தாண்டிட்டா இன்னிக்குச் சட்டமே கெடையாது அண்ணாச்சி. விதி அப்படி.”

“கெடையாதுன்னே எழுதிக்கோ. ஒரு நாளைக்குச் சட்டம் இல்லன்னா ஊரு ஒண்ணும் செத்துராது.”

அவன் போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான். காப்பி நானே போட்டேன். சீனி கூடிவிட்டது, அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்தான். எட்டு அடித்தது. கோரையூத்தில் அன்றைக்குப் புதுச் சட்டம் எதுவும் இல்லை.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் பாய்க்கோடு விழுந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். நான் காப்பி டம்ளரை நீட்டினேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

“தூங்குனியா?”

காப்பியை ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். வாசல்படியில் இருந்தவனைப் பார்த்தாள்.

“கோமதி, அந்தப் பழைய கேஸ்ல ‘கேட்கவில்லை’ன்னு ஒரு வரி இருக்கும்லா, அதத் திருத்தணும்.”

கோமதிநாயகம் நிமிர்ந்து அவள் வெறும் தலையைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.